மழைமானி சரியாக அளக்கிறதா? தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

குலசேகரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் விளை இருக்கிறது. 2011 முதல் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானித் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுகிறேன். அதில் ஒரு வருஷத்து ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்கத் தப்பு.

காரணம், மானியில் சேர்ந்த தண்ணீரை ஊற்றி அளக்கும் அளவுக் குப்பி. பழையது கைதவறி உடைந்ததால் வேறொன்று வாங்கினேன். "எல்லாம் ஒண்ணுதான், கொண்டு போங்க அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். என் மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ. பரப்பு. அவர் கொடுத்தது 100 சதுர செ.மீ. மானிக்கான குப்பி. 40 மி.மீ. பெய்த நாளை 80 என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பேப்பரில் திற்பரப்பு மழையளவு வரும். என் கணக்கு அதைவிட எகிறி நின்றும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மழை அப்படி. பாலமோரில் கொட்டும்போது கொட்டாரத்தில் வெயில் அடிக்கும். அதனால் பக்கத்து ஊர் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. கருவியின் பிழை அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அளவு தெரிந்த தண்ணீரை நாமே ஊற்றித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வாயை அளந்துகொள்ளுங்கள். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு, மூன்று திசையில். பிளாஸ்டிக் மானி வெயிலில் கிடந்து கோணியிருந்தால் மூன்றும் மூன்று விதமாக வரும். சராசரி எடுங்கள். அதில் பாதி ஆரம். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 3.14-ஆல் பெருக்கினால் பரப்பு. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆகவே 200 சதுர செ.மீ. வாய்க்கு ஒரு மி.மீ. மழை 20 மி.லி.; 100 சதுர செ.மீ. வாய்க்கு 10 மி.லி. இந்த எண்ணை மானியின் அடியில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி குப்பி. ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். 200 கிராம் தண்ணீர் எடுத்தால் அது 200 மி.லி. நம் வெக்கையில் வரும் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, விட்டுவிடலாம். என் மானிக்கு அது 10 மி.மீ. கோட்டில் நிற்க வேண்டும். குப்பியைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, நீர்ப்பரப்பு வளைந்திருக்கும், அந்த வளைவின் அடிப்பகுதியைப் பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். அப்புறம் சேகரிக்கும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, இரவு மூடி வைத்து, காலையில் திரும்ப எடை போடுங்கள். குறைந்திருந்தால் ஓட்டை.

தானியங்கி மழைமானிக்குத்தான் பொறுமை வேண்டும். உள்ளே சீசா பலகைபோல இரண்டு குட்டி வாளிகள். ஒன்று நிறைந்து கவிழ்ந்ததும் மற்றது மேலே வரும். ஒரு தடவை கவிழ்ந்தால் பெரும்பாலும் 0.2 மி.மீ. மழை என்று கணக்கு, உங்கள் கருவிக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதன் வாய் 20 செ.மீ. விட்டம், பரப்பு 314 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு கவிழ்வுக்கு 6.28 மி.லி., நூறு கவிழ்வுக்கு 628 மி.லி.

ரசமட்டம் வைத்துக் கருவியை நேராக்குங்கள். புனல் துளையைச் சுத்தம் செய்யுங்கள். தை மாதம் ரப்பர் இலை உதிரும்போது ஒரு காம்பு விழுந்தாலே போதும், அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் புனலையும் வாளிகளையும் நனைத்து விடுங்கள். காய்ந்த கருவி முதல் தண்ணீரைத் தன்மேலேயே ஒட்டவைத்துக்கொள்ளும்.

628 கிராம் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் எடுத்து, மூடியில் ஊசித்துளை போட்டு, அடியில் காற்றுக்கு இன்னொரு துளை போட்டு, புனலுக்கு மேலே தலைகீழாகக் கட்டுங்கள். காலியாக ஒரு மணி நேரம் ஆக வேண்டும். அது மணிக்கு 20 மி.மீ. மழை. மொண்டு ஊற்றினால் கணக்கு கெட்டுவிடும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு கோடு போட்டேன். 92 வந்தது.

98-லிருந்து 102 வரை வந்தால் நான் கை வைக்க மாட்டேன். 92 என்றால் வாளி அதிகம் தண்ணீர் பிடித்த பிறகே கவிழ்கிறது. வாளிக்கு அடியிலுள்ள திருகுகளைக் கால் சுற்று மேலே ஏற்றினால் சீக்கிரம் கவிழும். இரண்டையும் ஒரே அளவு ஏற்றி, மறுபடி 628 ஊற்றி எண்ணுங்கள். திருகு இல்லாத கருவி என்றால், நூறை 92-ஆல் வகுத்து வரும் 1.087-ஆல் அளவைப் பெருக்கிக்கொள்ளலாம்.

நூறு சரியாக வந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு வாளியிலும் தனித்தனியே சொட்டு சொட்டாக விட்டுப் பாருங்கள். என் கருவியில் இடது வாளி 5.7 மி.லி.-இல் கவிழ்ந்தது, வலது 6.9 மி.லி.-இல். சேர்த்து எண்ணியதில் அது தெரியவே இல்லை. ஒரு வாளி நிறையும்போது மற்றதுதான் தன் திருகின் மேல் உட்கார்ந்திருக்கும்; அதனால் எதிர்ப்பக்கத் திருகைத்தான் திருப்ப வேண்டும். வலப்பக்கத் திருகை இறக்கி, இடப்பக்கத்தை ஏற்றி, இரண்டு வாளியையும் 6.3-க்குக் கொண்டுவர ஒரு மதியம் ஆயிற்று.

கடைசியாக, அதே 628-ஐப் பத்தே நிமிடத்தில் விடுங்கள். இப்போது எண்ணிக்கை குறையும். வாளி கவிழும் நேரத்தில் விழும் தண்ணீர், நிறைந்த வாளியிலேயே போய் வீணாகிறது. இதைத் திருகால் திருத்தப் போகாதீர்கள். சாதாரண மழைக்கு அளவு கூடிவிடும். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைத்தால், பேய்மழை நாளில் எவ்வளவு குறைத்துக் காட்டியிருக்கும் என்று தெரியும். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன்: ஜூன் மழைக்கு முன்னால் வைகாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் புரட்டாசியில்.