லினக்ஸில் ஆடியோ இன்டர்ஃபேஸ்: வெட்டிய சத்தம் சரியானது எப்படி

ரெக்கார்டிங் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினேன். ஆர்டோர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் இரண்டிலும் ஓடும், அதில் கவலையில்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் பெட்டிக்குத்தான் லினக்ஸ் டிரைவரை நிறுவனம் தரவில்லை. ஆனால் பெட்டி யூஎஸ்பி ஆடியோ பொதுத் தரத்தைப் பின்பற்றுவது என்பதால், லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கும் ஆல்சா என்ற ஆடியோ டிரைவர் அதை உடனே கண்டுகொண்டது. எவ்வளவு பெரிய நிம்மதி!

அப்புறம்தான் தொல்லை. பாடும்போது நடுநடுவே டிக் டிக் என்று சத்தம் வெட்டியது. மென்பொருளுக்கும் பெட்டிக்கும் இடையே ஆடியோவைக் கடத்தும் ஜாக் என்ற சர்வரில் சாம்பிள் ரேட் 48,000 ஹெர்ட்ஸ், பஃபர் (ஒரு தடவையில் கையாளும் சாம்பிள்கள்) 128, பீரியட் (அப்படி வரிசையில் நிற்கும் பஃபர்களின் எண்ணிக்கை) 2 என்று இருந்தது. பீரியடை 3 ஆக்கினேன். இதனால் பஃபர் தாமதம் 8 மில்லிசெகண்ட், பாடுபவருக்கு உறுத்தாது. வெட்டு பெரும்பாலும் நின்றது. மிச்சமிருந்ததும், என் பயனர் கணக்கை ஆடியோ குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு ரியல்டைம் முன்னுரிமை (மற்ற வேலைகளுக்கு முன் ஆடியோ வேலையை ஓடவிடும் அனுமதி) கொடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப நுழைந்ததும் போய்விட்டது.