சயாம் மரண ரயில்பாதையைப் பார்க்கப் போவோர் விடும் பிழைகள்

தாய்லாந்துக்குப் போகும் மலையகத்தார் காஞ்சனாபுரியில் அரை நாள் நின்று, குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் அதுதான் பெரிய பிழை. 1942-43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீற்றருக்குப் போட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நம்மைப் போலவே கங்காணி கூட்டிவந்து லயத்தில் குடிவைத்த சனம்.

அவர்களை நகரிலுள்ள போர்க் கல்லறையில் தேடாதீர்கள். அங்கிருக்கும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பிரித்தானிய, அவுஸ்திரேலிய, ஒல்லாந்துப் போர்க்கைதிகளுடையவை. கொலராவில் செத்த தொழிலாளரை முகாமை ஒட்டியே குழியில் தள்ளி மூடினார்கள், இல்லாவிட்டால் எரித்தார்கள். பெயர் எழுதிவைக்க ஆளில்லை. கல்லறையை ஒட்டியிருக்கும் வாட் தாவோர்ன் வராராம் விகாரைக்குப் போங்கள். தமிழ்த் தொழிலாளருக்கு 2023இல் நடுகல் நாட்டியது அங்கேதான். சூடம் கொளுத்துவதானால் அங்குள்ள பிக்குவிடம் கேட்டுவிட்டுக் கொளுத்துங்கள். போர்க் கல்லறையின் வெண்கலத் தகடுகளில் சூடமோ எண்ணெயோ படவே கூடாது, கறை போகாது. பூ போதும்.

பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள்தான் பழையவை. நடுவிலுள்ள கோணச் சட்டங்கள் குண்டுவீச்சுக்குப் பிறகு போட்டவை. இன்றும் ரயில் ஓடுகிறது. சத்தம் கேட்டதும் ஓரத் தட்டில் ஒதுங்குங்கள்.

பாங்கொக்கின் பெரிய ரயில் நிலையத்துக்குப் போய் ஏமாறுவதும் நடக்கிறது. காஞ்சனாபுரி ரயில் புறப்படுவது ஆற்றுக்கு மேற்கேயுள்ள தொன்புரி நிலையத்தில். காஞ்சனாபுரி தாண்டி, கடைசி நிலையமான ‘நாம் தொக்’குக்குப் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள்; வம்போவில் மலையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரத்தூண்களில் பாதை போவது அந்தப் பக்கம்தான் தெரியும்.

ரயில் நாம் தொக்கோடு சரி. பாதைக்காகப் பாறையைக் கையால் வெட்டிய ஹெல்ஃபயர் கணவாய் அதற்கும் அப்பால். பஸ்ஸோ வாகனமோ பிடிக்க வேண்டும். பின்னேரம் போனால் அங்குள்ள அருங்காட்சியகம் பூட்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். படிகள் அதிகம், பாதையெல்லாம் சல்லி, செருப்போடு இறங்காதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீராவது வேண்டும். சல்லிக் கல்லையோ பழைய ஆணியையோ ஞாபகத்துக்கென்று எடுத்துவராதீர்கள்.

கணவாய்ச் சுவரைத் தடவிப் பாருங்கள். ஒருவர் துளைக்கம்பியைப் பிடித்துத் திருப்ப, மற்றவர் சம்மட்டியால் அடித்த துளைகளின் தடம் இன்னும் இருக்கிறது. ஓரிடத்தில் உடைந்த கம்பி பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது.