லுசெர்ன் மரப்பாலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள், அதில் முதலாவது நான் செய்தது

முதல் முறை லுசெர்னுக்குப் போனபோது அந்தப் பாலத்தில் நான் இருந்தது மொத்தம் நான்கு நிமிடம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "நாற்பது நிமிஷம்தான், சாக்லேட், வாட்ச், பாலம் எல்லாம் முடிச்சுட்டு இங்கேயே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார் வழிகாட்டி. சாக்லேட்டுக்கு இருபது நிமிடம். வாட்ச் கடைக் கண்ணாடியில் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடப் பத்து நிமிடம். மிச்சம் இருந்ததில் பாலத்தை வெளியிலிருந்து ஒரு போட்டோ, உள்ளே நடந்தபடி ஒரு செல்ஃபி. ஊருக்கு வந்து எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் போட்டபோது, சூரிக்கில் வேலை பார்க்கும் சித்தி மகன் போன் செய்து கேட்டான்: "அண்ணா, மேல இருந்த படமெல்லாம் பாத்தீங்களா?"

"எந்தப் படம்?" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அவன் வீட்டிலேயே தங்கி, அவனோடு மறுபடி போனேன். இதை எழுதுவது அந்த இரண்டாவது பயணத்தின் தைரியத்தில்.

சுவிட்சர்லாந்தில் ராய்ஸ் ஆற்றின் குறுக்கே இருக்கும் இந்தப் பாலத்தின் பெயர் கப்பெல்ப்ரூக்கே. வட கரையில் இருக்கும் புனித பேதுருவின் சிற்றாலயத்தை வைத்து வந்த பெயர், சிற்றாலயப் பாலம் என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. கூரை வேய்ந்த மரப்பாலங்களில் ஐரோப்பாவிலேயே பழையது என்று இதைச் சொல்கிறார்கள். நீளம் இன்றைக்கு 200 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். முன்பு இன்னும் நீளமாக இருந்தது, கரையை மண்போட்டு நிரப்ப நிரப்பக் குறைந்துவிட்டது.

சரி, படங்கள் எங்கே? கூரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் சாய்வாக இறங்குகின்றன அல்லவா, அவற்றுக்கு நடுவே உண்டாகும் முக்கோணத்தில் ஒவ்வொரு பலகையாகப் பொருத்தியிருக்கிறார்கள். நடக்கிறவன் கண்ணுக்கு நேரே ஆறும் பூத்தொட்டியும்தான் தெரியும். படம் தலைக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் என்னைப் போல ஆயிரம் பேர் அடியில் புகுந்து வெளியே போய்விடுகிறார்கள். பத்தடி நடப்பது, ஓரமாக ஒதுங்கி நிற்பது, தலையை நிமிர்த்துவது, மறுபடி பத்தடி: இப்படித்தான் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும், வலிக்கட்டும். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்விட்டு அதே வழியில் திரும்பியும் வாருங்கள். போகும்போது தூணோ வெளிச்சமோ மறைத்தது வரும்போது கண்ணில் படும்.

இந்த ஓவியங்கள் பாலத்தின் வயதை ஒத்தவை அல்ல. இங்கேதான் அடுத்த தவறு. "அறுநூறு வருஷத்துப் பெயிண்டிங்" என்று பக்கத்தில் யாரோ மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாலம் வேறு, படம் வேறு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைன்ரிக் வேக்மன் என்ற ஓவியர் வரைந்தவை இவை. எதை எதை வரைய வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் நகரச் செயலாளர் ரென்வார்ட் சீசாட். சுவிஸ் வரலாறு, லுசெர்ன் வரலாறு, அப்புறம் ஊரின் காவல் புனிதர்களான லெயோடெகார், மொரீஷியஸ் இருவரின் கதை. படத்துக்குக் கீழே பழைய ஜெர்மனில் செய்யுள் வரிகள் இருக்கும். போன் கேமராவை நீட்டி மொழிபெயர்க்கப் பார்த்தேன். அந்த எழுத்தையும் அந்தக் காலத்து ஜெர்மனையும் பார்த்து அது உளறியதுதான் மிச்சம். முன்னாலேயே கதையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது உத்தமம்.

பாலத்தின் நடுவே வந்தால் படங்கள் விட்டுப்போயிருக்கும். "எடுத்துட்டுப் போய்ட்டாங்க போல" என்று நினைக்க வேண்டாம், எரிந்துபோனவை அவை. 1993 ஆகஸ்ட் 18 விடிவதற்கு முன் பாலத்தில் தீப்பிடித்தது. மரமும் ஓவியமும் பெரும்பகுதி போய்விட்டது, இருந்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. அணையாத சிகரெட்டாக இருக்கலாம் என்பது பரவலான ஊகம், உறுதியாகவில்லை. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரலில், பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் மிதிக்கும் பலகை பெரும்பாலும் புதுசு. இதைக் கேட்டதும் "அப்போ டூப்ளிகேட்தானா" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்ணம் இருந்த இடமும் இல்லாத இடமும் அடுத்தடுத்து வருவதில் அந்த இரவு தெரிகிறது. முனைகளில் மிஞ்சியவற்றை நின்று பார்த்துவிட்டு நடுவே வாருங்கள், நான் சொல்வது புரியும்.

எரிந்த கதை தெரிந்த பிறகும் பாலத்தில் சிகரெட்டோடு நடப்பவனை என்ன சொல்வது? நானே பார்த்தேன் ஒருவரை. மரத்தில் பேனாக் கத்தியால் பெயர் செதுக்குவது, கைப்பிடிச் சுவர்மேல் குழந்தையை உட்கார வைத்துப் போட்டோ எடுப்பது இவையும் வேண்டாம். ராய்ஸ் பார்க்கப் பச்சையாக, அமைதியாக இருக்கும். ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீர் அது, இழுவை அதிகம்.

நடுவே எண்பட்டையாக நிற்கும் கல் கோபுரத்தை வாட்டர் டவர் என்கிறார்கள். நம் ஆட்கள் உடனே ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் தேக்கியது இல்லை, தண்ணீரில் நிற்பதால் அந்தப் பெயர். உயரம் சுமார் 34 மீட்டர், பாலத்தைவிட மூத்தது. சிறைச்சாலை, சித்திரவதைக் கூடம், கருவூலம் என்று பல வேலை பார்த்திருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட் கவுன்டரைத் தேடி அலைய வேண்டாம். பாலத்துக்கும் டிக்கெட் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் நடக்கலாம். அந்த வசதியை வைத்துக்கொண்டு பகல் பதினொரு மணிக்குப் போய் நெரிசலில் மாட்டுவானேன்? நாங்கள் காலை ஏழரைக்குப் போனோம். வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேர், அவ்வளவுதான். செவ்வாய், சனி என்றால் காலையில் ஆற்றங்கரையிலேயே சந்தை கூடும், பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கலாம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஐந்து நிமிடம், டாக்சி எடுக்காதீர்கள். மழை என்றால் இன்னும் நல்லது, மேலேதான் கூரை இருக்கிறதே.

இதையெல்லாம் சரியாகச் செய்கிறவர்களும் தவறவிடுவது இன்னொன்று. ஆற்றோடு கீழ்நோக்கிச் சில நிமிடம் நடந்தால் இன்னொரு கூரைப்பாலம் வருகிறது, ஷ்ப்ராயர்ப்ரூக்கே. ஷ்ப்ராய் என்றால் பதர், உமி. அங்கே மாவு மில்கள் இருந்தன. பதரை ஆற்றில் கொட்ட அனுமதி இருந்த ஒரே பாலம் இது. ஊருக்குக் கீழே இருப்பதால் அழுக்கு ஊருக்குள் வராது என்ற கணக்கு. பதர்ப் பாலம் என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். 1566 வெள்ளத்தில் உடைந்து திரும்பக் கட்டியது. சிற்றாலயப் பாலத்தின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை.

என்னைக் கேட்டால் இதுதான் அதிகம் பிடித்தது. காஸ்பர் மெக்லிங்கர் என்பவர் 1620-களிலும் 1630-களிலும் வரைந்த 'சாவின் நடனம்' என்ற படவரிசை இங்கே தொங்குகிறது. 67 படம் இருந்ததில் 45 மிச்சம். பலகைக்குப் பலகை எலும்புக்கூடு வருகிறது. பாதிரியாரைக் கூப்பிடுகிறது, பிரபுவைக் கூப்பிடுகிறது, வியாபாரியை இழுக்கிறது. எருமையும் பாசக்கயிறும் இல்லாத எமன்.

கீழ் மூலைகளை உற்றுப் பாருங்கள். இடது பக்கம் ஒரு குடும்பச் சின்னம், வலது பக்கம் இன்னொன்று. பணம் கொடுத்தவரின் சின்னம் இடதுபுறம், அவர் மனைவி வீட்டுச் சின்னம் வலதுபுறம். சட்டத்தில் பெயரும் உண்டு. நம் கோயில் டியூப்லைட்டில் "உபயம்: இன்னார்" என்று வெளிச்சம் மறைகிற அளவுக்கு எழுதுவோமே, அதே சங்கதி. ஆனால் எலும்புக்கூடு ஆளை இழுத்துப்போகிற படத்துக்குக் கீழே, மனைவி வீட்டையும் சேர்த்து உபயம் போடுவதற்குத் தனி மனசு வேண்டும்.

இங்கே ஃபிளாஷ் போட்டால் பளபளப்புதான் பதியும். வெளியே வெயிலும் கூரைக்கடியில் இருட்டுமாக இருக்கும், போனில் படத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு எடுங்கள். அல்லது எடுக்காமலே பாருங்கள். பாலத்தின் நடுவே சின்னதாக ஒரு வழிபாட்டு இடமும் இருக்கிறது, 1568-இல் வந்தது. அதன் எதிரே சித்தி மகன் ஒரு பலகையைக் காட்டி, "அண்ணா, போன தடவை வாட்ச் கடையில நின்னீங்களே, அந்த நேரத்துக்கு இதுல பாதி பாத்திருக்கலாம்" என்றான். பலகையில் எலும்புக்கூடு ஒருவரின் கையைப் பிடித்திருந்தது. நான் மணி பார்க்காமல் இருந்தேன்.