சுவிட்ச் மாற்றுகிறீர்களா? வயர் கலரை நம்பாதீர்கள்

சுவிட்சுக்குள் ஒரு பேஸ் (கரண்ட் வரும் வயர்), ஒரு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் போர்டைக் கழற்றுகிறார்கள். முதல் தப்பே அங்கேதான். சாதாரண லைட் சுவிட்சில் நியூட்ரல் வராது. உள்ளே வருவது பேஸ், வெளியே லைட்டுக்குப் போவதும் சுவிட்சைப் போட்டால் பேஸ்தான். நியூட்ரல் தனியாக நேரே லைட்டுக்குப் போய்விடும். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறைதான், ஆனால் நம்ம ஊர்ப் பழைய ஓட்டு வீடுகளில் அன்றைக்கு வயர்மேன் கையில் மிச்சம் இருந்த கலர்தான் ஓடியிருக்கும். சுவிட்சில் கறுப்பைப் பார்த்து, இது நியூட்ரல் என்று பக்கத்து பிளக்கின் நியூட்ரலோடு சேர்த்தால், சுவிட்சைப் போட்டதும் ஷார்ட்.

அப்புறம் லூப். ஒரே போர்டில் நாலு சுவிட்ச் இருந்தால் பேஸ் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகும், அதனால் ஒரு ஸ்குரூவில் இரண்டு வயர் இருக்கும். அதில் ஒன்றை விட்டுவிட்டால் லைட் எரியும், பக்கத்து ஃபேன் ஓடாது. கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெயினை அணைத்தால் போதுமா? நானும் அப்படித்தான் நம்பினேன். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போவது சகஜம், அதனால் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. நான் மெயினை அணைத்த பிறகும் அது பாட்டுக்கு லைட் லைனுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது, கையை உதறிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினேன். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதாலும் நம்பக்கூடாது, அது கெட்டுப்போயிருக்கலாம். அணைக்கும் முன் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள்.

மாடிப்படி சுவிட்சில் மூன்று ஸ்குரூ. அதில் காமன் (மற்ற இரண்டோடும் மாறி மாறிச் சேரும் ஸ்குரூ) எது என்று பழையதில் பார்த்து, அந்த வயரில் டேப் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். இடம் மாறினால் கீழே போட்ட லைட்டை மேலே போய் அணைக்க முடியாது.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர வீடுகளில் இன்னொன்று: உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருக்கும். அதை அப்படியே புது சுவிட்சில் முறுக்காதீர்கள், பிடிப்பு சரியில்லாமல் சூடாகும். நுனியை நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். வயர் கருகியிருந்தாலோ தொட்டதும் தோல் உதிர்ந்தாலோ போர்டை மூடிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அது சுவிட்ச் மாற்றுகிற வேலை இல்லை.