வீட்டு ஒலிப்பதிவுக்கு மானிட்டரும் சப்வூஃபரும் தேர்ந்தெடுக்கும் முறை

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் உள்ள பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் முதன்முதலாக ஒரு வில்லுப்பாட்டுக் குழுவைப் பதிவு செய்தபோது, குடத்தின் வாயில் பத்தி (அதைத் தட்டும் மட்டை) விழுந்ததும் எழும் ‘தொம்’ என்ற முழக்கம் எட்டு அங்குல மானிட்டர்களின் (பதிவை உள்ளது உள்ளபடி கேட்பதற்கான ஒலிபெருக்கிகளின்) வழியே அறையையே நிறைத்தது. அது அளவுக்கு மீறியிருக்கிறது என்று எண்ணி மிக்ஸிங்கில் (ஒலிகளை ஒன்றுசேர்த்துச் சமன்செய்யும்போது) வெகுவாகக் குறைத்துவிட்டேன். பின்னர் அந்தப் பதிவைக் கோயில் கொடைவிழாப் பந்தலின் பெரிய பெட்டிகளில் கேட்டபோது, குடம் இருந்த இடமே தெரியவில்லை. நாணயம் குடத்தில் படும் கிண்கிண் ஓசை மட்டுமே மிஞ்சியது. அறையின் அளவைக் கருதாமல் மானிட்டர் வாங்கியது என் தவறு. ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்துகொள்ளுங்கள்.

ஒலி, நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 1,145 அடி செல்கிறது. அதில் பாதியை அறையின் நீளத்தால் வகுத்தால், எந்த அதிர்வெண்ணில் அந்த அறை தானே முழங்கத் தொடங்கும் என்பது தெரியும். பன்னிரண்டு அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ், பத்து அடிக்கு 57 ஹெர்ட்ஸ். இவற்றின் மடங்குகளிலும் அதே தொல்லை உண்டு. என் அறையில் கூரையும் பத்து அடி உயரமே ஆகையால், அகலமும் உயரமும் ஒரே அதிர்வெண்ணை இரட்டிப்பாகத் தூக்கின. குடத்தின் ஒலி இம்மடங்குகளில் ஒன்றின் அருகே விழுந்ததால்தான், இல்லாத மிகையை நான் கேட்டேன். நீளமும் அகலமும் உயரமும் வெவ்வேறாக உள்ள அறை கிடைத்தால் அதையே தேர்ந்துகொள்ளுங்கள். சதுர அறையை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள்.

இத்தகைய சிறு அறைக்கு ஐந்து அங்குல வூஃபர் (கீழ் ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு) உள்ள, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் மானிட்டர் போதும் என்பது என் உறுதியான கருத்து. விவரத்தாளைப் படிக்கும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஜேபிஎல் 305பி மார்க் 2 மானிட்டரின் கீழ் எல்லை 43 ஹெர்ட்ஸ் என்று ஓரிடத்திலும் 49 ஹெர்ட்ஸ் என்று மற்றோரிடத்திலும் காணலாம். முன்னது ஒலி 10 டெசிபல் தாழ்ந்துவிட்ட இடம், பின்னது 3 டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் சீராக இருக்கும் எல்லை. யமஹாவின் ஹெச்எஸ்5-க்குச் சொல்லப்படும் 54 ஹெர்ட்ஸும் ஹெச்எஸ்8-க்குச் சொல்லப்படும் 38 ஹெர்ட்ஸும் அந்த 10 டெசிபல் கணக்கிலேயே வருகின்றன. ஒரே அளவுகோலில் உள்ள எண்களை மட்டுமே ஒப்பிடுங்கள். கடையில் கேட்டுப் பார்க்கும்போது, நீங்களே பதிவு செய்த, அணு அணுவாக அறிந்த ஒரு பதிவைக் கொண்டுசெல்லுங்கள். இரண்டு மானிட்டர்களையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்யும்படி கேளுங்கள், ஏனெனில் சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் நம் காது நல்லது என்று நம்பும்.

பணத்தில் ஒரு பங்கை அறைக்கே ஒதுக்க வேண்டும். மொசைக் தரையும் சிமெண்டுச் சுவரும் உள்ள நம் வீடுகளில் ஒருமுறை கைதட்டினாலே ஒலி சுவருக்குச் சுவர் தாவுவதைக் கேட்கலாம். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள்; நானும் செய்து பார்த்திருக்கிறேன். அந்தப் பாயின் நேர்த்திக்கு ஈடு இல்லை, ஆனால் அவ்வளவு மெல்லிய கோரை, கீழ் அதிர்வெண்களைச் சற்றும் தடுக்காது. ஓர் அங்குல ஸ்பாஞ்சும் அப்படித்தான். நான்கு அங்குலக் கனத்தில் ராக்வூல் (கல்லை உருக்கி எடுத்த இழை) பலகைகளைத் துணியால் போர்த்தி அறையின் மூலைகளில் நிறுத்துங்கள்; அதற்கு இயலாதபோது, தடித்த இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிற்க வைத்தாலும் ஓரளவு பலன் உண்டு. குறுகிய சுவரைப் பார்த்து அமருங்கள். தலை அறையின் நட்ட நடுவில் இருந்தால் முதல் முழக்கத்தின் அதிர்வெண் அங்கே கேட்காமலே போகும் என்பதால், முன்சுவரிலிருந்து ஏறத்தாழ நாலரை அடியில் நாற்காலியைப் போட்டுத் தொடங்குங்கள். இரு மானிட்டர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். மேல் ஒலிகளைத் தரும் சிறு ஒலிபெருக்கியான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும்.

மின் இணைப்பையும் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருந்தாலும் எர்த் கம்பி இணைக்கப்படாமலே இருப்பதுண்டு. மின்பணியாளரைக் கொண்டு அதைச் சரிசெய்துவிட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுசெல்லும் கருவி) பேலன்ஸ்டு கேபிளையே (வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் மூன்று இணைப்புக் கேபிள்) பயன்படுத்தினால் ‘உம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் நீங்கிவிடும்.

மிகக் கீழ் அதிர்வெண்களை மட்டும் ஒலிக்கும் பெட்டியான சப்வூஃபரைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்து அங்குல வூஃபர் அதை முழுமையாகத் தராது என்பது உண்மைதான். ஆனால் மூலைகளில் தடுப்பு இல்லாத அறையில் சப்வூஃபரை வைத்தால் அறையின் முழக்கம்தான் வளரும். குரலும் கீபோர்டும் மட்டும் பதிவு செய்பவருக்கு அது தேவையே இல்லை. உறுமி, பம்பை, தவில், குடம் ஆகியவற்றைக் கொடைப் பந்தலுக்காக மிக்ஸ் செய்பவருக்குப் பயன்படும். திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளை ஒட்டிய, சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் வசிப்பவர்கள் இரவில் ஹெட்ஃபோனையே நம்புவது நல்லது. கீழ் அதிர்வெண்கள் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக் கட்டிலையே அதிர வைக்கும்.

வாங்குவதென்றால், எட்டு அல்லது பத்து அங்குல அளவில், மானிட்டர்களுக்குச் செல்லும் சமிக்ஞையிலிருந்து கீழ்ப்பகுதியைத் தானே வடிகட்டும் வசதியும் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான இடத்தைக் கண்டுபிடிக்கப் பெட்டியை நாற்காலியின் இடத்தில் வைத்து, பேஸ் வரியொன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே கனத்தில் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை மாற்றி வையுங்கள். கிராஸ்ஓவரை (சப்வூஃபருக்கும் மானிட்டருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்தி, அதே 80 ஹெர்ட்ஸ் ஒலியை மானிட்டர், சப்வூஃபர் இரண்டிலும் ஒலிக்கச் செய்து, ஃபேஸ் சுவிட்சின் எந்த நிலையில் ஒலி உரக்கக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். பிறகு ஒலியளவை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். சப்வூஃபர் ஒலிப்பதே தனியாகத் தெரியாமல், அதை அணைத்த கணத்தில் மட்டும் குடத்தின் அடிமுழக்கம் காணாமல் போவது தெரிந்தால், குமிழை அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.