உளுந்தங்களி முதல் சிறுகிழங்கு வரை: நெல்லைப் பகுதியின் குளிர்காலப் பண்டிகைச் சமையல்

திருநெல்வேலிப் பகுதியில் குளிர் என்பது ஐப்பசி அடைமழையில் தொடங்கி, கார்த்திகை ஈரத்தில் வளர்ந்து, மார்கழிப் பனியில் நிலைத்து, தைப் பொங்கலுக்குப் பிறகு மெல்ல விலகும் காலமாகும். தீபாவளி, திருக்கார்த்திகை, திருவாதிரை, கிறிஸ்துமஸ், பொங்கல் ஆகிய அனைத்தும் இந்த மாதங்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. இக்காலத்துப் பலகாரங்களில் பெரும்பாலானவை தொலி உளுந்து (தோல் நீக்காத கருப்பு உளுந்து), கருப்பட்டி, நல்லெண்ணெய் ஆகிய மூன்றை நம்பியே நிற்பதால், எதைச் செய்யத் தொடங்கினாலும் முதலில் இம்மூன்றையும் தரமாகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் குறை நேர்ந்தால் கைப்பக்குவத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றிலும் ஏமாற்றம் மிகுந்தது கருப்பட்டிதான். சீனி கலந்த கருப்பட்டியை உடைத்துப் பார்த்தால் உட்புறம் பளபளவென மின்னும். வாயில் போட்டதும் வேகமாகக் கரைந்து வெறும் இனிப்பாகவே முடிந்துவிடும். நல்ல கருப்பட்டியின் உட்புறம் மங்கலான பழுப்பு நிறத்தில் இருக்கும், மெதுவாகக் கரையும், இனிப்பின் அடியில் சிறிது உப்புச் சுவையும் தோன்றும். உடன்குடிக் கருப்பட்டிக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. பதநீர் கோடையில்தான் மிகுதியாக இறங்கும் என்பதால், அப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது. மழைக்காலக் காற்றின் ஈரத்தில் கருப்பட்டி கசியும் என்பதால்தான் முன்பு அதை விறகடுப்புக்கு மேலே, புகை படும் இடத்தில் வைத்தார்கள். இன்றைய வீடுகளில் காற்றுப் புகாத டப்பாவே போதும். நல்லெண்ணெயைச் செக்கில் ஆட்டியதாக வாங்குங்கள். எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது செக்குக்காரர்களின் வழக்கம் என்பதால், அந்த எண்ணெயின் மணம் களியோடு இயல்பாகவே பொருந்திவிடும்.

இனி உளுந்தங்களி. பூப்பெய்திய பெண்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் இடுப்புக்கு வலு தரும் என்று பெரியவர்கள் இதைக் கிண்டிக் கொடுப்பார்கள். ஆனால் அவர்களுக்கு மட்டும் உரியதாக இதை ஒதுக்கிவிடக் கூடாது. மழை விடாமல் பெய்யும் நாளில், வீட்டிலுள்ள எல்லோரும் சூடாக உண்ண இதைவிடப் பொருத்தமான இனிப்பு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தொலியோடு கூடிய முழு உளுந்து நான்கு பங்கும் பச்சரிசி ஒரு பங்கும் எடுத்து, தனித்தனியே வெறும் சட்டியில் சிறுதீயில் வறுக்க வேண்டும். கருப்புத் தொலியில் நிறமாற்றம் தெரியாது என்பதால், மணம் எழுவதையும், ஒரு உளுந்தைக் கடித்தால் மொறுமொறுவென உடைவதையும் கொண்டே பதத்தை அறிய வேண்டும். ஆறிய பிறகு மில்லில் கொடுத்து நைசாகத் திரித்து, சலித்து வைத்தால் பல வாரங்களுக்குப் பயன்படும்.

ஒரு தம்ளர் மாவுக்கு ஒன்றேகால் தம்ளர் பொடித்த கருப்பட்டி, மூன்று தம்ளர் தண்ணீர், அரைத் தம்ளர் நல்லெண்ணெய் என்பது சரியான அளவு. கருப்பட்டியைத் தண்ணீரில் இட்டுச் சூடாக்கி, கரைந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணலும் தூசியும் இல்லாமல் இருப்பது அரிது. களியில் ஒரே ஒரு மணல் பல்லில் பட்டாலும் செய்த உழைப்பு முழுவதும் வீணாகும். வடித்த நீர் நன்றாக ஆறிய பிறகுதான் மாவைச் சேர்த்துக் கட்டியின்றிக் கரைக்க வேண்டும். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் மேற்புறம் உடனே வெந்து, உள்ளே பச்சை மாவு அடைபட்ட கட்டிகள் உருவாகிவிடும். பிறகு எவ்வளவு கிண்டினாலும் அவை கரையா. கரைத்ததை அடிகனமான உருளியில் ஊற்றி, சிறுதீயில் மரத்துடுப்பால் அடிவரை துழாவிக் கிண்டிக்கொண்டே இருங்கள். கெட்டியாகத் தொடங்கியதும் எண்ணெயைச் சிறிது சிறிதாக விடவேண்டும். முதலில் விட்டதைக் களி உறிஞ்சிய பிறகே அடுத்ததை விடவேண்டும். கால் மணி முதல் இருபது நிமிடங்களில் களி பளபளப்பாகத் திரண்டு, ஓரங்களில் எண்ணெய் கசியத் தொடங்கும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வருவதே பதம். சுக்குப்பொடியும் ஏலக்காயும் தூவி இறக்கிவிடலாம். தட்டில் வைத்து, நடுவில் குழித்து, அதில் மேலும் நல்லெண்ணெய் ஊற்றி உண்பதே முறை. நெய் சேர்த்தால் இதன் தன்மையே மாறிவிடும்.

அதே உளுந்தைச் சோறாகவும் ஆக்கலாம். ஒரு தம்ளர் அரிசிக்கு அரைத் தம்ளர் தொலி உளுத்தம்பருப்பை வறுத்துச் சேர்த்து, பத்துப் பதினைந்து பூண்டுப் பல், சிறிது வெந்தயம், சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு ஆகியவற்றுடன் நான்கு தம்ளர் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். இதற்கு எள்ளுத் துவையல் கட்டாயம். அசைவம் உண்பவர்கள் நாட்டுக்கோழிக் குழம்பையும் சேர்த்துக்கொள்வார்கள்.

திருக்கார்த்திகை வந்தால் பனை மறுபடியும் முன்னே வந்து நிற்கும். கோயில் முன்பு சொக்கப்பனை எரியும் அந்த நாளில், வீட்டில் பனையின் குருத்தோலைக்குள் கருப்பட்டி மாவை வைத்து வேகவைக்கும் ஓலைக்கொழுக்கட்டையே சிறப்புப் பண்டம். இளம் ஓலையாகப் பார்த்து வாங்கி, ஈரத்துணியால் துடைத்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள்; முற்றிய ஓலை மடங்காமல் கிழியும், மணமும் தராது. கட்டுவதற்கு ஓலையையே மெல்லிய நாராகக் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

வறுத்த பச்சரிசி மாவு இரண்டு தம்ளர், வறுத்து மலர வேகவைத்த பாசிப்பருப்பு அரைத் தம்ளர், ஒரு மூடித் தேங்காயின் துருவல், சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து வைக்கவும். பருப்பு குழைந்துவிட்டால் மாவு இளகிவிடும் என்பதால், விரலால் நசுக்கினால் மசியும் நிலையிலேயே அதை வடித்துவிட வேண்டும். ஒன்றரைத் தம்ளர் கருப்பட்டியை ஒரு தம்ளர் நீரில் கரைத்து வடிகட்டி, மீண்டும் கொதிக்கவிட்டு, பாகுப் பதம் வருவதற்கு முன்பே சூடாக மாவில் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். பாகாகிவிட்டால் கொழுக்கட்டை ஆறியதும் கல்லாக இறுகும். கையில் பிடித்தால் உருவம் நிற்கும் பதம் வந்ததும், ஓலையின் மடிப்புக்குள் மாவை நீளமாக வைத்து அழுத்தி, இன்னொரு ஓலைத்துண்டால் மூடி, நாரால் இரண்டு இடங்களில் கட்டி, இட்லிக் கொப்பரையில் அடுக்கி, ஆவி வந்த பிறகு இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்கள் வேகவிட வேண்டும். ஓலையின் வாசம் ஆவியில் வீடு முழுவதும் பரவும்போது பிள்ளைகள் அவசரப்படுவார்கள். ஆனாலும் சற்று ஆறிய பிறகு பிரித்தால்தான் மாவு ஓலையில் ஒட்டாமல், அதன் வரிகள் பதிந்தபடி முழுதாக வரும்.

மார்கழித் திருவாதிரை இந்தப் பகுதிக்குக் கூடுதல் நெருக்கமான நாள். நடராசரின் ஐந்து சபைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலிலும் சித்திர சபை குற்றாலத்திலும் இருக்கின்றன. அன்று படைக்கும் களிக்கு ஒரு தம்ளர் பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்து ரவையாக உடைத்து, இரண்டு கரண்டி வறுத்த பாசிப்பருப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றேகால் தம்ளர் வெல்லத்தை இரண்டரைத் தம்ளர் நீரில் கரைத்து வடிகட்டி, கொதிக்கும்போது இதைத் தூவிக் கிளறி, மூடி வேகவைத்து, தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்தால் உதிரியாக வரும். உளுந்தங்களிபோல இதைத் திரளக் கிண்டக் கூடாது.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பல வீடுகளில் முந்திரிக்கொத்து சுடுவார்கள். வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவில் எள்ளும் ஈரம் போக வறுத்த தேங்காயும் சேர்த்து, கெட்டியான கருப்பட்டிப் பாகில் சிறு உருண்டைகளாகப் பிடித்து, மஞ்சள் கலந்த அரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாகத் தோய்த்துப் பொரிக்க வேண்டும். தேங்காயில் ஈரம் நின்றுவிட்டால் விரைவில் ஊசிப்போகும். நன்றாக வறுத்திருந்தால் பல நாள்கள் கெடாது.

பொங்கலுக்கு இனிப்பைவிடக் கிழங்குகளே இங்கே முதன்மை பெறுகின்றன. சிறுகிழங்கைச் சுத்தம் செய்வதுதான் கடினமான வேலை. தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கழுவிய பின், சாக்குப் பையில் போட்டுக் கரடுமுரடான தரையில் தேய்த்தால் பெரும்பகுதித் தோல் உரிந்துவிடும். எஞ்சியதைக் கத்தியால் சுரண்டலாம். நறுக்கியதும் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். உப்பிட்டு வேகவைத்து வடித்து, கடுகு, சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால், வெண்பொங்கலுக்கும் சாம்பாருக்கும் இடையே முதலில் தீர்வது இந்தப் பொரியலாகத்தான் இருக்கும். ஆகவே சற்றுக் கூடுதலாகவே செய்து, மறுநாளுக்கும் எடுத்து வையுங்கள். மீந்த அவியல், சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் மண்சட்டியில் ஒன்றாக்கி, தண்ணீர் சேர்க்காமல் சிறுதீயில் வற்றவிட்டால் சுண்டக்கறி ஆகும். பொங்கலுக்கு அடுத்த நாள் காலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றுக்கு அதுவே தொடுகறி.