ஆர் மொழியில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் மூன்று பேரைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆர் என்பது புள்ளிவிவரக் கணக்குகளுக்கான நிரல்மொழி. அதை நிறுவும்போதே கூடவே வரும் தரவுகளில் ஒன்று 'சிக்வெயிட்'. அதையே உதாரணமாக எடுப்போம்; தீவனம்தான் இங்கே குழு. நான்கு வகைத் தீவனத்தில் வளர்ந்த 50 கோழிக்குஞ்சுகளின் எடை, கிராம் கணக்கில். பிறந்த அன்று ஒரு தடவை, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் 20ஆம் நாள் வரை, கடைசியாக 21ஆம் நாள். ஆகக் குஞ்சுக்கு 12 வரி. 600 வரி இருக்க வேண்டும், ஆனால் 578தான் இருக்கிறது. ஐந்து குஞ்சுகளுக்குப் பதிவு பாதியிலேயே நின்றுவிட்டது. 18ஆம் எண் குஞ்சுக்கு இரண்டே வரி: பிறந்த அன்று 39 கிராம், இரண்டாம் நாள் 35.

இந்தக் குஞ்சை மனதில் வையுங்கள். வரிகளை அப்படியே குலுக்கி எடுத்தால், 12 வரி உள்ள குஞ்சு மாட்டும் வாய்ப்பு இதைப்போல ஆறு மடங்கு. பதிவு நின்றுபோன 15, 16 ஆகியவையும் எடை ஏறாத குஞ்சுகள்தான். நோஞ்சான்கள் நழுவிவிட்டால் தீவனம் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். அதனால் குஞ்சைத்தான் குலுக்க வேண்டும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: அட்டவணைத் தரவுகளைக் கையாள உதவும் 'டிப்ளையர்' என்ற ஆர் துணைத் தொகுப்பைத் திறந்து, செட்.சீட்(2024) கொடுங்கள். எந்த எண்ணும் சரி. அதே எண்ணோடு நிரலை முதலிலிருந்து ஓட்டினால் அதே குஞ்சுகள் வரும். உங்கள் முடிவை இன்னொருவர் சரிபார்க்க இது அவசியம்.

படி 2: குஞ்சுக்கு ஒரு வரி வீதம் பட்டியல். 'சிக்' என்பது குஞ்சின் எண் உள்ள நிரல், 'டயட்' என்பது தீவன வகை உள்ள நிரல்.

குஞ்சுகள் <- ஆஸ்_டிபிள்(சிக்வெயிட்) |> டிஸ்டிங்க்ட்(சிக், டயட்)

50 வரி வரும்.

படி 3: தீவனத்துக்கு மூன்று.

தேர்வு <- குஞ்சுகள் |> ஸ்லைஸ்_சாம்பிள்(என் = 3, பை = டயட்)

12 குஞ்சுகள் கிடைக்கும். இந்த 'பை' வேலை செய்ய டிப்ளையர் 1.1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: முதல் தீவனத்தில் 20 குஞ்சு, மற்ற மூன்றிலும் பத்துப் பத்து. என் = 15 என்று கேட்டால் ஆர் பிழை எதுவும் சொல்லாது; 15, 10, 10, 10 என்று இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் கையோடு கவுன்ட்(தேர்வு, டயட்) போட்டுப் பாருங்கள்.

படி 4: அவற்றின் எல்லா எடைகளையும் திரும்ப எடுங்கள்.

மாதிரி <- ஆஸ்_டிபிள்(சிக்வெயிட்) |> செமி_ஜாயின்(தேர்வு, பை = "சிக்")

144 வரி வரும். குறைந்தால் பதறாதீர்கள், பதிவு நின்ற குஞ்சு ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி குலுக்க வேண்டாம்.

தீவனங்களை ஒப்பிட மட்டும் என்றால் மும்மூன்று போதும். 50 குஞ்சுகளின் பொதுச் சராசரி வேண்டுமென்றால் 'என்' வேண்டாம், ப்ராப் = 0.2 கொடுங்கள்: 4, 2, 2, 2 என்று குழுவின் அளவுக்கேற்ப வரும். மும்மூன்றாக எடுத்துச் சராசரி போட்டால், 50இல் 20 குஞ்சுகள் உள்ள முதல் தீவனத்துக்குக் கால் பங்கு இடம்தான் கிடைக்கும்.